பீடோங்கிலிருந்து நாகைக்கு

பீடோங், கெடா, மலேசியா.

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஊர் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். சுற்றிலும் செம்பனைத் தோட்டம். கடைத்தெருவில் தமிழிலேயே சாமான் வாங்கலாம். எங்கு நின்றாலும் ஜெராய் மலை தெரியும். அந்த அடிவாரம்தான் நம் பழைய கடாரம். அந்தக் காலத்தில் கடலில் வந்தவர்களுக்கு இந்த மலைதான் அடையாளம்.

நம் நாகையில் அந்த வேலையைச் செய்தது சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தின் கோபுரம். அதைக் கட்டியவன் இந்தக் கடாரத்து அரசன் ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன். தன் தகப்பன் பெயரையே விகாரத்துக்கு வைத்தான். முதலாம் ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில், ஆனைமங்கலத்தை அதற்கு எழுதிக் கொடுத்தான். 97 வேலிக்குச் சற்று மேல் நிலம்; வரி நெல் 8,943 கலத்துக்கும் மேல். வாய்வார்த்தையாகக் கொடுக்கவில்லை: பெண் யானையை எல்லை சுற்றி நடக்கவிட்டு, அது போன தடத்தில் கல்லும் கள்ளியும் நட்டு, பிறகே ஓலை எழுதினார்கள். அதைச் செப்பேட்டில் வெட்டுவித்தவன் மகன் ராஜேந்திரன். 21 ஏடு; 5 வடமொழி, 16 தமிழ். அதே ராஜேந்திரன்தான் 1025இல் கடாரத்தின் மேல் படையெடுத்தான். ஆனாலும் விகாரத்தின் மானியம் நின்றுவிடவில்லை. 1090இல் குலோத்துங்கனும் வரி நீக்கி ஏடு கொடுத்திருக்கிறான்.

மனம் ஆறாதது கோபுரத்தின் முடிவுதான். 1846இல் வால்டர் எலியட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி பார்த்தபோது மூன்று நிலை நின்றது. சாந்தே இல்லாமல் செங்கல்லைச் செங்கல்லோடு நெருக்கிப் பொருத்தியிருந்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு திறப்பு. 1867இல் அரசு அனுமதியோடு ஏசு சபைப் பாதிரிமார் இடித்துவிட்டார்கள். எண்ணூறு வருஷத்துக்கு மேல் நின்ற கட்டடத்துக்கு ஒரு கையெழுத்து போதுமானதாகிவிட்டது. அது பெரிய தவறு என்றே நான் சொல்வேன்.

இங்கே மெர்போக் பக்கத்தில் புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளத்தை 1960 வாக்கில் சீர்செய்து நிறுத்தியிருக்கிறார்கள். தூண் நிறுத்திய கல்லில் குழி மட்டும் இருக்கிறது; மரத்தூணும் கூரையும் இந்த மழைக்கு எப்போதோ மக்கிப்போயின. கல் என்பதால் அடியாவது மிஞ்சியது.

சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனால் நாகை வெண்கலப் புத்தர்களைப் பாருங்கள். 1856 முதல் நம் மண்ணில் கிடைத்தவை சுமார் 350. ஆனைமங்கலம் பக்கம் போக நேர்ந்தால், பழைய எல்லைக்கல் ஏதும் தென்படுகிறதா என்று விசாரித்து எழுதுங்கள்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம்.

தங்கள் அன்பு மகன்