கோமதிக்கு ஐந்து கேள்விக்குறி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அறிவிப்புப் பலகையில் தமிழ் பிழையாக இருந்தால் நம்மவர்கள் உடனே படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நல்ல பழக்கம்தான். பலகைக்கே வந்து சேராமல் தமிழ் நடுவழியில் தொலைந்துபோவதை அண்மையில் பார்த்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

நான் 22 ஆண்டுகளாக டேட்டாபேஸ் வேலை பார்ப்பவள். சனிக்கிழமைகளில் சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு துணைப்பாட வகுப்பில் தொண்டூழியம். கணக்கு சொல்லித்தர ஆளிருக்கிறது. என் தலையில் விழுந்தது வருகைப்பதிவும் பரிசளிப்பு விழாப் பட்டியலும். பிள்ளைகளின் பெயர்களை ஆங்கிலத்திலும் தமிழிலும் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் வைத்திருக்கிறோம். பதிவுசெய்யும் திரையில் தமிழ் ஒழுங்காகவே தெரியும். இந்த ஆண்டு புதிதாக ஒரு ரிப்போர்ட் சர்வர் வந்தது; டேட்டாபேஸிலிருந்து பட்டியல்களை எடுத்துத் தருவது அதன் வேலை. அதில் பட்டியலை எடுத்தால் தமிழ்ப் பெயர் வரவேண்டிய கட்டங்களில் எல்லாம் வெறும் கேள்விக்குறிகள்.

அமைத்துக்கொடுத்த தம்பியிடம் கேட்டேன். "சிஸ்டம் தமிழை சப்போர்ட் பண்ணாதுக்கா, இங்கிலீஷ்ல மட்டும் போட்டுக்குங்க" என்றார். தமிழ்ப் பிள்ளைதான். வேலை தெரியாதவரும் இல்லை. ஆனால் இந்த ஒரு பதிலை நான் எத்தனை அலுவலகங்களில் கேட்டுவிட்டேன்!

வீட்டுக்கு வந்து அந்தக் குறிகளை எண்ணிப் பார்த்தேன். 'கோமதி'க்கு ஐந்து. கணினிக்கு 'கோ' என்பது இரண்டு எழுத்து ('க'வும் அதன் துணைக்குறியும்), 'ம' ஒன்று, 'தி' இரண்டு. ஆக, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகவே மாற்றப்பட்டிருக்கிறது. அப்புறம் டேட்டாபேஸுக்குள்ளேயே போய் அந்தப் பெயரை ஹெக்ஸ் எண்ணாக, அதாவது கணினி சேமித்திருக்கும் குறியெண்ணாக, எடுத்தேன். கேள்விக்குறியாகவே பதிந்திருந்தால் '3எஃப்' (3F) என்று வரிசையாக வந்திருக்கும். வந்ததோ 'இ0ஏஇ' (E0AE) என்று தொடங்கியது. எல்லா மொழிகளையும் எழுதவல்ல யுடிஎஃப்-8 என்ற எழுத்துமுறையில், கணினி எண்ணும் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட் (கணினிச் சேமிப்பின் சிறு அலகு). க, ம, த எல்லாம் இப்படித்தான் தொடங்கும். பெயர் பத்திரமாக இருக்கிறது, வழியில்தான் கோளாறு.

டேட்டாபேஸுக்கும் ரிப்போர்ட் சர்வருக்கும் நடுவில் ஜேடிபிசி டிரைவர் என்று ஒன்று உண்டு, இரண்டையும் பேசவைக்கும் இணைப்பு மென்பொருள். எந்த முகவரி, எந்த போர்ட், எந்த டேட்டாபேஸ் என்று ஒரே வரியில் (கனெக்‌ஷன் வரி) அதற்குச் சொல்லிவிட வேண்டும். எந்த எழுத்துமுறையில் பேசுவது என்பதும் அதே வரியில்தான். அதைச் சொல்லாமல் விட்டால், நாங்கள் வைத்திருக்கும் பழைய டிரைவர் டேட்டாபேஸ் சர்வரின் இயல்பு அமைப்பையே எடுத்துக்கொள்ளும். எங்களுடையது மைஎஸ்கியூஎல் 5.7. அதன் இயல்பு லத்தீன்1 என்ற எழுத்துமுறை, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கானது. அதில் தமிழுக்கு இடமே கிடையாது என்பதால் எழுத்துக்கு ஒரு கேள்விக்குறியைக் கொடுத்து அனுப்பிவிடுகிறது. 8.0 பதிப்பிலிருந்து யுடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்கியூஎல்லில் முழுமையான யுடிஎஃப்-8இன் பெயர்) என்பதே இயல்பாகிவிட்டது. எங்களைப் போன்ற சிறிய அமைப்புகள் 5.7ஐ அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை.

அந்த வரியின் கடைசியில் யுடிஎஃப்-8 என்று சேர்த்தோம். சர்வர் எழுந்திருக்கவே இல்லை! புதிதாகச் சேர்ப்பதற்கு முன்னால் 'அண்ட்' (&) குறி வேண்டும், ஆனால் அந்த வரி இருப்பது எக்ஸ்எம்எல் வகை அமைப்புக் கோப்பில். அதில் அந்தக் குறியை அப்படியே போடக்கூடாது, அதற்கென்று தனி வடிவம் உண்டு. தெரிந்தும் தவறினேன், அரை மணி நேரம் போனது. திருத்தி மறுபடி ஏற்றியதும் கோமதி வந்தாள்.

இதற்குள் தம்பி இன்னொரு யோசனை சொல்லியிருந்தார்: ரிப்போர்ட்டை எக்செல்லில் இறக்கி, மற்ற விவரங்களைச் சரிபார்த்துவிட்டு, மொத்தமாகத் திரும்ப ஏற்றிவிடலாம் என்று. நல்லவேளை, ரிப்போர்ட் சர்வரின் கணக்குக்குப் படிக்கும் உரிமை மட்டும்தான் தரவேண்டும் என்று ஆரம்பத்திலேயே பிடிவாதம் பிடித்திருந்தேன். ஏற்ற முடியவில்லை. ஏற்றியிருந்தால் கேள்விக்குறிகளே பெயர்களாகப் பதிந்திருக்கும். அதிலிருந்து 'கோமதி'யை எந்த நிபுணராலும் மீட்க முடியாது.

தமிழ் நம் சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. ரிப்போர்ட் சர்வரை ஒப்படைக்கும்போது ஒரே ஒரு தமிழ்ப் பெயரைப் பதிந்து, அதே பெயர் ரிப்போர்ட்டில் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடும்படி கோயில்கள், சங்கங்கள், துணைப்பாட நிலையங்களின் செயலவையினரைக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்து நிமிட வேலை. கேள்விக்குறி வந்தால் கனெக்‌ஷன் வரியைக் காட்டச் சொல்லுங்கள். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்தும் மாறி மாறி வந்தால், பெரும்பாலும் பைட்டுகள் அப்படியேதான் இருக்கும். படிக்கும் முறைதான் தப்பு. வெறும் கட்டங்களாக வந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள், அது வேறு கதை.

இன்னொரு கதையும் எங்களுக்கு உண்டு. திரையில் சரியாக வரும் பெயர், பிடிஎஃபில் கொம்பு ஓரிடமும் கால் ஓரிடமுமாகப் பிரிந்து நிற்கிறது. விழாவுக்கு எக்செல்லில் இறக்கி, வேர்டில் சான்றிதழ் அச்சடித்துச் சமாளித்தோம். தம்பியும் நானும் அடுத்த சனிக்கிழமை அதைப் பார்ப்பதாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஈசூன்