இளவரசன் ஏன் சொன்னவுடன் நிற்பதில்லை?

பாளையங்கோட்டை

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை வேளாவேளைக்கு விடச் சொல். கண்ணைக் கசக்குவது அவர்களுக்குச் சின்ன வயசுப் பழக்கம், யாராவது பக்கத்திலேயே இருங்கள். இங்கே பெரிய சேதி ஒன்றும் இல்லை. மாடிக்கு ஷீட் போட்டாயிற்று. சின்னவள் பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கிறாள். யாரைக் கேட்டு எடுத்தாள் என்று அவள் அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை.

கவின் விஷயத்துக்கு வருகிறேன். நீ ஆசை ஆசையாய் நம் பழைய கம்ப்யூட்டர் கேம் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வைப் போட்டுக் காட்ட, பத்தே நிமிஷத்தில் “இவன் நான் அமுக்குறதக் கேக்கவே மாட்டேங்கிறான்ப்பா” என்று எழுந்து போய்விட்டானாமே. நீயும் ‘அந்தக் காலத்து மெஷின் அப்படித்தான், ஸ்லோ’ என்று சமாதானம் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அங்கேதான் எனக்கும் உனக்கும் சண்டை. மெஷின்மேல் பழியைப் போடாதே. கவின் கண்டுபிடித்தது குறையே இல்லை. அந்த கேமின் உயிரே அதில்தான் இருக்கிறது.

நினைத்துப் பார். ஓடுகிற நம் இளவரசன், விரலை எடுத்த நொடியில் நிற்க மாட்டான். ஈரத் தரையில் ரப்பர் செருப்போடு ஓடி வந்தவன் மாதிரி சறுக்கித்தான் நிற்பான். திரும்பச் சொன்னால் உடம்பை வளைத்துத்தான் திரும்புவான். தாவ ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்த வழியே கிடையாது. தொடங்கிய அசைவு முடிந்த பிறகுதான் அடுத்த உத்தரவு காதில் ஏறும். ‘சூப்பர் மரியோ’ கேமில் மரியோ நடு ஆகாயத்தில்கூடத் திசை மாறுவார். இவனுக்கு அதெல்லாம் தெரியாது. அதனால் காலை எடுத்து வைப்பதற்கு முன்பே நாம் முடிவு செய்தாக வேண்டும். பள்ளத்தின் ஓரம் வரை ஷிஃப்டை அமுக்கி அடிமேல் அடி வைத்துப் போய், தூரத்தைக் கண்ணால் அளந்துகொண்டு, பின்னால் வந்து ஓடித் தாவுவோமே, அந்த ஒரு விநாடிப் பயம் எந்த கேமில் கிடைத்தது?

அந்தக் கனம் எங்கிருந்து வந்தது என்பதைச் சமீபத்தில்தான் விவரமாகப் படித்தேன். கேமைச் செய்த ஜோர்டான் மெக்னர் 1985 முதல் 1993 வரை எழுதிய நாட்குறிப்புகள் புத்தகமாக வந்திருக்கின்றன. ஆள் யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோதே ‘கராத்தேகா’ செய்து, 1984இல் ப்ரோடர்பண்ட் கம்பெனி வழியாக வெளியிட்டு ஜெயித்தவர். அடுத்தது என்ன என்று யோசித்தபோது கையில் எடுத்தது ஒரு வீடியோ கேமரா. நியூயார்க் பக்கம் சப்பாக்குவா என்ற ஊரில், பள்ளிக்கூடத்துக்கு எதிரே ரீடர்ஸ் டைஜஸ்ட் ஆபீசின் கார் நிறுத்துமிடம். தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடுப்பு மாட்டி, ஓடு, தாவு, சுவரைப் பிடித்துத் தொங்கு, ஏறு என்று படம் பிடித்திருக்கிறார். தம்பிக்கு அப்போது பள்ளிக்கூட வயசு. உன் கவினை அங்கே நிறுத்திப் பார்த்துக்கொள்.

அதற்கப்புறம் செய்த வேலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். டேப்பை டிவியில் ஓட்டி, ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தி, திரையைச் சாதாரண ஃபிலிம் கேமராவால் போட்டோ எடுத்து, பிரிண்ட் போட்டு, உருவத்தைச் சுற்றிக் கறுப்பு மார்க்கராலும் வெள்ளைத் திரவத்தாலும் துப்புரவாக்கி, ஜெராக்ஸ் எடுத்து, அதை மறுபடி ஒரு வீடியோ கேமராவுக்கு முன்னால் வைத்து ஆப்பிள் டூ கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, ஒவ்வொரு புள்ளியாகத் திருத்தியிருக்கிறார். வாள்சண்டைக்கு இப்படிப் பிடித்த படம் சரிவரவில்லை. 1938இல் வந்த ‘தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்’ படத்தில் எரோல் ஃப்ளின்னும் பேசில் ராத்போனும் பக்கவாட்டில் நின்று மோதுகிற சில விநாடிகள்தான் கைகொடுத்தன. நாம் அடித்துத் தடுத்து விளையாடிய சண்டை முழுக்க அந்தச் சில விநாடிகளிலிருந்து வந்தது. இசை அவருடைய அப்பா பிரான்சிஸ் மெக்னருடையது. அவர் ஒரு உளவியலாளர். குடும்பத்தில் ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை மனுஷன்.

எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி, இளவரசனுக்கு எதிரியாக வருகிற நிழல் மனிதன் பிறந்த கதை. முதலில் கேமில் சண்டையே கிடையாது. பொறிகள், கதவுகள், ஓட்டம் மட்டும்தான். கூட வேலை பார்த்த டோமி பியர்ஸ் என்ற தோழி, சண்டை வேண்டும், சண்டை வேண்டும் என்று விடாமல் நச்சரித்திருக்கிறார். இவருக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் இளவரசனின் அசைவுகளே நினைவகத்தை அடைத்துவிட்டன. எதிரி என்று இன்னொரு உருவத்தை வைக்க இடமில்லை. கடைசியில், இருக்கிற இளவரசனின் படத்தையே எடுத்து, அதையே ஒரு பிட் நகர்த்தி, இரண்டும் வேறுபடுகிற இடத்தை மட்டும் காட்டுகிற ‘எக்ஸ்ஓஆர்’ கணக்கைப் போட்டுப் பார்த்தார். திரையில் மினுமினுக்கும் பேய் மாதிரி ஒரு ஆள் வந்து நின்றான். கூடுதலாக ஒரு பைட்கூடப் படத்துக்குச் செலவில்லை. காவலாளிகளுக்கு இடம் பண்ணியதெல்லாம் பிறகுதான்.

நாலாவது லெவலில் கண்ணாடி ஒன்று வழி மறிக்குமே. வேறு வழியே இல்லாமல் அதற்குள் ஓடிப் பாய்ந்தால் அந்தப் பக்கம் நிழல் குதித்து ஓடும், நமக்கு ஒரே ஒரு உயிர்தான் மிச்சமிருக்கும். அடுத்த லெவலில் நமக்கு முன்னால் போய் மருந்தைக் குடித்துவிடுவான். அதற்கடுத்ததில் கதவை மூடி நம்மைக் கீழே விழவைப்பான். கடைசியில் வாளோடு எதிரே வந்து நிற்பான். அவனைக் குத்தினால் நமக்கும் உயிர் குறையும், அவன் செத்தால் நாமும் செத்தோம். வாளை உறையில் போட்டுவிட்டு நேராக அவனுக்குள் நடந்து போக வேண்டும் என்று ராஜாமணி கண்டுபிடித்த அன்று நம் கம்ப்யூட்டர் சென்டரே எழுந்து நின்று கத்தியது.

சென்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. செருப்பை வாசலில் விட்டு, டிபேஸ் என்கிற டேட்டாபேஸ் பாடம் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு உட்காருவோமே, நமக்கு வாய்த்தது மோனோ மானிட்டர். குப்பிகளில் சிவப்புக் குமிழி வந்தால் உயிர், நீலக் குமிழி வந்தால் விஷம் என்று பிற்பாடு கலர் மானிட்டரில் பார்த்துத்தான் தெரிந்தது. நமக்கு எல்லாமே ஒரே நிறம். எந்த ரூமில் எந்தக் குப்பி விஷம் என்று லேப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நீ படம் போட்டு வைத்திருந்தாய். கேம் செய்தவருக்கே தெரியாத ஒரு கஷ்டத்தை நாம் சேர்த்து விளையாடியிருக்கிறோம்.

1989 அக்டோபரில் அது ஆப்பிள் டூவில் வெளிவந்தபோது அமெரிக்காவில் அந்த மெஷினே சாகக் கிடந்தது. மெதுவாகத்தான் விற்றது. 1990இல் நாம் விளையாடிய, பிசிக்கான டாஸ் பதிப்பு வந்தது. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் சூடு பிடித்தது. 1992இல் மெக்கின்டாஷ் பதிப்பும் சூப்பர் நின்டெண்டோ பதிப்பும் வந்தன. பிறகு அமெரிக்காவிலும் திரும்பிப் பார்த்தார்கள். மொத்தம் 20 லட்சம் பிரதிகள் விற்றன. நம் சென்டர் பிளாப்பிகள் அந்தக் கணக்கில் வராது என்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தொடரின் பிற்காலக் கதையை நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துப் பார்க்கிறேன்: கால் தவறினால் என்ன விலை? முதல் கேமில் விலை நேரம். இரண்டு தளம் விழுந்தால் ஒரு உயிர் போகும், மூன்று தளம் விழுந்தால் ஆளே காலி. லெவலை எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி தொடங்கலாம். ஆனால் மொத்த கேமையும் முடிக்கக் கொடுத்த அறுபது நிமிஷக் கடிகாரம் உனக்காகத் திரும்பி ஓடாது. பத்தாவது லெவலுக்கு வந்தபிறகு, இரண்டாவது லெவலில் வீணாக்கிய நேரம் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

1993இல் வந்த இரண்டாவது பாகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படம் அழகு, நேரம் 75 நிமிஷம், பறக்கும் கம்பளம் உண்டு. ஒரே சமயத்தில் நாலு பேர் வரை வந்து மொய்ப்பதால் அந்த ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையின் நிதானம் போயிற்று. 1999இல் வந்த ‘3டி’யை விட்டுவிடுவோம், போனவர்களைப் பற்றிக் குறை பேசக்கூடாது.

2003இல் யூபிசாஃப்ட் என்ற கேம் கம்பெனியின் மான்ட்ரியால் ஸ்டுடியோ ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ கொண்டுவந்தது. கதை எழுதியது மெக்னரேதான். அதில் விழுந்தால் நேரத்தையே பின்னால் ஓட்டலாம். கேட்டவுடன் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. விளையாடிய பிறகு தெரிந்தது, அவர்கள் விலையை எடுக்கவில்லை, வேறு நாணயத்தில் வாங்குகிறார்கள். பின்னால் ஓட்ட மணல் வேண்டும், மணல் தீர்ந்துவிடும். இளவரசனே கதை சொல்வதாக அமைத்திருப்பதால், நாம் செத்தால், அப்படி நடக்கவில்லையே என்று அவனே திருத்திச் சொல்லுவான். எனக்குத் தெரிந்து ஒரு கேம் மரணத்தைக் கதைக்குள் இவ்வளவு அழகாக மடித்து வைத்ததில்லை. முதல் கேமுக்கு நேர்வாரிசு என்றால் இதுதான்.

அடுத்த ஆண்டே ‘வாரியர் விதின்’ என்று இளவரசனைக் கோபக்காரனாக்கிக் காதைக் கிழிக்கும் கிதார் வாசித்தார்கள். 2005இல் ‘டூ த்ரோன்ஸ்’. இதே தொடருக்காக, இளவரசனைக் காக்கும் மெய்க்காப்பாளன் என்று தொடங்கிய ஒரு யோசனை தனியாகப் பிரிந்து 2007இல் ‘அசாசின்ஸ் கிரீட்’ ஆயிற்று. பிள்ளை அப்பனைவிடப் பத்து மடங்கு சம்பாதித்தான், அப்பனை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. 2008இல் வந்த புது இளவரசன் சாகவே மாட்டான். விழுந்தால் எலிகா என்ற பெண் கையைப் பிடித்துத் தூக்கி, நின்ற இடத்தில் விட்டுவிடுவாள். செத்துத் திரும்பி வருவதற்கும் இதற்கும் கணக்குப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனாலும் பயம் போய்விட்டது. பயம் போனபின் அது ஊர் சுற்றிப் பார்ப்பதுதான்.

‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ கேமைப் புதுப்பிக்கும் வேலையை 2020இல் யூபிசாஃப்டின் புனே, மும்பை ஸ்டுடியோக்களிடம் கொடுத்ததாக அறிவித்தார்கள். முன்னோட்டத்தைப் பார்த்து ஆளாளுக்குத் திட்டினார்கள். 2022இல் வேலை மான்ட்ரியாலுக்கே போய்விட்டது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

2024 ஜனவரியில் வந்த ‘தி லாஸ்ட் கிரவுன்’ கேமைத்தான் கவினிடம் முதலில் கொடு. பழையபடி பக்கவாட்டு ஓட்டம். நாயகன் சர்கோன் இளவரசன் இல்லை, கடத்தப்பட்ட இளவரசனைத் தேடிப் போகிற வீரன். எல்லோரும் பாரசீக மொழியிலேயே பேசும்படியும் வைத்துக்கொள்ளலாம். அப்படித்தான் விளையாட வேண்டும். இப்போது போக முடியாத இடத்தை அங்கேயே படம் பிடித்து வரைபடத்தில் ஒட்டி வைத்துக்கொள்ள ஒரு வசதி இருக்கிறது. கால் வைப்பதில் கண்டிப்பும் திரும்ப வந்திருக்கிறது. முள் பாதையில் ஒரு பொத்தான் முந்தினாலும் போச்சு. பிரான்சில் மான்ட்பெல்லியே ஸ்டுடியோ செய்தது. பாராட்டு குவிந்தது, விற்பனை அந்த அளவுக்கு இல்லை, அந்த ஆண்டுக்குள்ளேயே குழுவைப் பிரித்து வேறு வேலைகளுக்கு அனுப்பிவிட்டார்கள். நல்ல வேலை செய்தவனுக்கு இடமாற்றம் என்பது நம் ஆபீசில் மட்டும் இல்லை போலிருக்கிறது.

இன்னொன்று. முதல் கேமின் மூல நிரல் தொலைந்துவிட்டதாகவே மெக்னர் நினைத்திருந்தார். 2012இல் அப்பா வீட்டு அலமாரியிலிருந்து அனுப்பிய பெட்டியில் பழைய மூன்றரை அங்குல பிளாப்பிகள் இருந்தன. பழைய டிஸ்க்குகளில் கைதேர்ந்த இருவர் வந்து பத்திரமாகப் படித்தெடுத்தார்கள். ஆப்பிள் டூவின் 6502 சில்லுக்கு எழுதிய அசெம்பிளி நிரல் முழுவதையும், நிரல்களைப் பகிர்கிற கிட்ஹப் தளத்தில் மெக்னர் உடனே எல்லோருக்கும் திறந்துவிட்டார். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவளிடம் காட்டினேன், நிழல் மனிதன் வருகிற இடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அவள் அம்மாவிடம் இது பாடத்தில் வருகிறது என்று சொல்லியிருக்கிறேன், நீ போனில் உளறிவிடாதே.

கவின் மறுபடி பழைய கேமில் உட்கார்ந்தால் ‘மெகாஹிட்’ என்று தட்டித் திறக்கிற குறுக்கு வழியைச் சொல்லித் தராதே. ஷிஃப்டையும் ‘எல்’ (L) எழுத்தையும் சேர்த்து அமுக்குவதை மட்டும் சொல்லு. முதல் சில லெவல்களை அது தாண்ட விடும், ஆனால் கடிகாரத்தைப் பதினைந்து நிமிஷத்துக்கு இறக்கிவிடும். ஏன் இறங்கியது என்று அவனே வந்து கேட்கட்டும்.

மாசக் கடைசியில் கோயம்புத்தூர் வருகிற வேலை இருக்கிறது. தேதி முடிவானதும் சொல்கிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல். திருநெல்வேலி அல்வா கேட்பார்கள், சுகர் எவ்வளவு என்று முன்கூட்டியே எனக்கு எழுது.

அன்புடன்,
முருகன்