மண்வள அட்டையில் காட்மியம் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்,

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை, கொஞ்சம் கேரட். மண்வள அட்டை வந்தது, 12 அளவுகள், சரி. தாமிரமும் அதில் இருக்கிறது, ஆனால் போதுமா, பற்றாக்குறையா என்றுதான் சொல்கிறது, கூடிப்போனதா என்று சொல்வதில்லை. தேயிலை இலையில் வரும் கொப்புள நோய்க்கு அப்பா காலத்திலிருந்தே மழைக்காலம் முழுக்க காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற தாமிர மருந்தை அடிக்கிறோம், அடித்து முடித்தால் சட்டைக் கையெல்லாம் நீலப்பச்சை. இலையில் படிந்தது மழையில் கழுவி மண்ணுக்குத்தானே போகும்? தாமிரம் மக்குகிற பொருளும் இல்லை.

பாஸ்பேட் உரத்தோடு வரும் காட்மியம் என்ற நச்சு உலோகமும், அப்புறம் ஈயமும் அட்டையில் இல்லவே இல்லை. எங்கள் மலை மண் அமில மண், அமிலம் கூடினால் இந்த உலோகங்கள் சுலபமாகக் கரைந்து வேருக்குள் போய்விடும், கேரட்டில் நாம் தின்பதே வேரைத்தான்.

மண்ணியல் துறையினர் இங்கே உலோகங்களையும் அளக்க வேண்டும். தோட்டத்து மண்ணை மட்டும் பார்த்தால் போதாது, செம்மண்ணில் குரோமியம், நிக்கல் இயற்கையாகவே இருக்கும், அதனால் மருந்தே படாத சோலைக்காட்டு மண்ணையும் எடுத்து ஒப்பிட்டால்தான் எது மலையுடையது, எது நாங்கள் கொட்டியது என்று தெரியும். முடிவை எங்களுக்குத் தமிழில் கொடுங்கள்.

ஒரு சிறு விவசாயி,
கோத்தகிரி