கார்நார்வனுக்கு வடக்கே போகும் மகளுக்கு

தூத்துக்குடி
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

மேற்கு ஆஸ்திரேலியாவில் கார்நார்வனிலிருந்து நீ அனுப்பிய படங்கள் வந்தன. அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். நீ உள்ளேயே படுத்துத் தங்குகிற வீட்டு வேனுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலிதான் கிடக்கிறது என்றாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்று நீ சொன்னதாகவும் சொன்னாள். சரி. போனில் பேசினால் சிக்னல் போகிறது என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். சின்னவன் இதைப் படம் எடுத்து அனுப்புவான். வண்டியை நிறுத்திவிட்டுப் படி.

முதலில் டயர். வீட்டுப் பாரம் முழுக்கப் பின் டயரில்தான் உட்கார்ந்திருக்கும். காற்றை விடியற்காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பார். வெயிலில் ஓடி நின்ற டயர் கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்துவிட்டுக் காற்றைப் பிடுங்காதே. எஞ்சின் கொதித்தால் ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதே, அரை மணி நேரமாவது ஆறட்டும். டீசல் பாதிக்குக் கீழே இறங்கவே கூடாது. பெர்த்திலிருந்து கார்நார்வன் வரைக்கும் 900 கி.மீ. ஓட்டிவிட்டோம் என்ற தைரியத்தில் இதையெல்லாம் தள்ளிவிடாதே. இதுவரை வந்தது ஊர்கள் உள்ள பாதை. இனிமேல்தான் பாதை.

சின்னவன் போனில் வரைபடத்தைப் போட்டுக் கொடுத்தான். காலண்டர் தாளின் பின்பக்கம் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். கார்நார்வனை விட்டால் மினில்யா, அங்கே இடதுகைப் பக்கம் பிரிந்தால் எக்ஸ்மவுத். திரும்பி வந்து நெடுஞ்சாலையில் ஏறினால் நானுடாரா, பிறகு கராத்தா, போர்ட் ஹெட்லாண்ட், பார்டூ, சாண்ட்ஃபயர், கடைசியில் புரூம். இதில் பாதிப் பெயர் ஊரே இல்லை, ஒரு பெட்ரோல் பங்கும் சாப்பாட்டுக் கடையும்தான் என்கிறான் அவன். சாண்ட்ஃபயரை விட்டால் புரூம் பக்கம் போகிற வரைக்கும் 300 கி.மீ. போல ரோட்டில் டீசல் கிடையாது. அதனால் பார்டூவிலும் நிரப்பு, சாண்ட்ஃபயரிலும் நிரப்பு. லிட்டருக்குக் கூட வாங்குகிறார்கள் என்று கணக்குப் பார்க்காதே.

சீசன் இல்லாத நேரம், வேன் வாடகை பாதிக்குப் பாதி என்று சந்தோஷமாகச் சொன்னாய். மகளே, அது ஏன் பாதி என்று யோசித்தாயா? அந்த ஊர்க்காரர்களே இந்த மாதங்களில் தெற்கே இறங்கிவிடுகிறார்கள். நீ படம் எடுத்த அதே கார்நார்வனில் 2024 பிப்ரவரியில் 49.9 டிகிரி அடித்திருக்கிறது. எக்ஸ்மவுத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிற ஆன்ஸ்லோவில் 2022 ஜனவரியில் 50.7. ஆஸ்திரேலியாவிலேயே அதற்கு மேல் பதிவானதில்லையாம். நம் ஊர்க் கத்திரி வெயிலில் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து பஸ் ஓட்டியவன் நான். 42 டிகிரிக்கே கண் இருட்டும். 50 எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது.

எஞ்சினை அணைத்தால் வேனில் ஏசியும் நின்றுவிடும் என்று நீதான் சொன்னாய். ராத்திரி தங்குகிற இடத்தில் கரண்ட் இணைப்பு உண்டா என்று கேட்டுவிட்டு நிறுத்து. தண்ணீர் ஒரு நாளைக்கு 10 லிட்டர் என்று வைத்துக்கொள். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருக்காதே, உப்பும் போகவேண்டும். வேர்வை நின்று தலை கிறுகிறுத்தால் அது ஆபத்து. உப்பளத்தில் எத்தனை பேர் அப்படி விழுந்திருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். வழியில் வண்டி நின்றுபோனால் உதவி தேடி நடந்து போகாதே. வண்டியை விட்டு நகராதே. அதன் நிழலிலேயே இரு. வேன் தூரத்திலிருந்து தெரியும், நடக்கிற ஆள் தெரியமாட்டான்.

இருட்டில் ஓட்டாதே. கங்காருவும் மாடும் ரோட்டில் நிற்கும். 53 மீட்டர் நீளத்துக்கு ரோடு ட்ரெயின் என்று லாரிகள் ஓடுகின்றன, நம்ம பஸ் நாலைக் கோத்துவிட்ட நீளம். எதிரே வந்தால் காற்றே வண்டியை இழுக்கும், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடி. அதை முந்தவேண்டும் என்றால் ஒரு கிலோமீட்டராவது காலியாகத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் பின்னாலேயே போ, உனக்கு யாரும் சமையல் செய்து வைத்துக் காத்திருக்கவில்லை.

அந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அம்மா மையை வீணாக்காதே என்கிறாள். அவசரமில்லை என்ற அர்த்தத்தில்தான் எழுதினேன்.

உப்பளத்துச் சாலையில் உன்னை ஸ்டியரிங்கில் உட்கார வைத்தபோது பெரியத்தை என்ன சொன்னாள் என்று நினைவிருக்கிறதா? இன்றைக்கு அவளே கல்யாண வீட்டில் உன் படத்தை எல்லாருக்கும் காட்டுகிறாள். டிப்போ டீக்கடையிலும் சொன்னேன், என் மகள் 2,000 கி.மீ.க்கு மேல் ஒருத்தியாக ஓட்டுகிறாள் என்று. எங்களில் யாரும் பகல் முழுக்க ஆளே இல்லாத ரோட்டில் ஓட்டியதில்லை. ஒருவர் கேட்டார், ஏன் தனியாக என்று. அவளுக்குப் பிடிக்கும் என்று சொல்லிவிட்டேன். பெரியத்தையும் கேட்டாள். அவளுக்கும் அதையே சொன்னேன்.

போர்ட் ஹெட்லாண்டில் ரோட்டோரம் உப்பு மலையாகக் குவித்திருக்கும், பார்த்தால் நம் ஊர் ஞாபகம் வரும். அதைத் தாண்டினால் எண்பது மைல் கடற்கரை. அங்கே 1887 ஏப்ரலில் முத்துச்சிப்பி எடுக்கப் போன படகுகள் புயலில் சிக்கி, சுமார் 140 பேர் செத்தார்கள். புரூமில் ஜப்பானிய முத்துக்குளிகாரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, 900 பேருக்கு மேல் அதில் கிடக்கிறார்கள். போனால் தாத்தாவை நினைத்து ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. அவர் கல்லைப் பிடித்து, மூச்சை அடக்கிச் சங்கு குளித்தார். அவர்கள் செம்புத் தொப்பி மாட்டி இறங்கினார்கள். கடல் இரண்டு பேரையும் ஒரே மாதிரிதான் நடத்தியது. நான் சொல்லவந்தது வேறு. அந்தப் படகுக்காரர்கள்கூட இந்த மாதங்களில் படகைச் சதுப்புக் கழியில் ஏற்றிக் கட்டிவிட்டு புரூமில் உட்கார்ந்துவிடுவார்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே புயல் காலம். 1999 மார்ச்சில் எக்ஸ்மவுத் பக்கம் 267 கி.மீ. வேகத்தில் காற்று அடித்திருக்கிறது. தனுஷ்கோடியைப் பற்றிக் கேட்டு வளர்ந்த பிள்ளை நீ. தினமும் காலையில் வானிலை பார்த்துவிட்டு வண்டியை எடு. எச்சரிக்கை வந்தால் கொடுத்த வாடகையைப் பார்க்காமல் ஊருக்குள் திரும்பிவிடு. ரோட்டின் மேல் தண்ணீர் ஓடினால் இறங்காதே.

எக்ஸ்மவுத்தில் டர்க்காய்ஸ் பே என்று ஒரு இடம் சொன்னாய். அங்கே நீரோட்டம் மிதக்கிறவர்களை மணல் திட்டைத் தாண்டி வெளியே இழுத்துவிடும். திட்டு வருவதற்கு முன்னாலேயே கரை ஏறு. தாத்தா மாதிரி நீந்துவாய், தெரியும். கரையில் யாராவது இருந்தால் மட்டும் இறங்கு. புரூமில் இப்போது கடலில் இறங்கவே வேண்டாம், விஷச் சொறிமீன் வரும் காலம். ஆமைக் குஞ்சு பொரித்துக் கடலுக்கு ஓடுகிற நேரம் இது என்றாயே, அதைப் பார்த்தால் படம் எடு, டார்ச் அடிக்காதே.

மணப்பாட்டு நிலம் பற்றிச் சின்னவன் எழுதியிருப்பான், அது இப்போது வேண்டாம். அம்மாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது. நீ ஏழு மணிக்கு வண்டியை நிறுத்தினால் இங்கே நாலரை. அவள் அப்போதிருந்தே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மூன்று நாள் ஒரு வார்த்தை இல்லாமல் இருந்தாயே, அது என்ன பழக்கம்? டீசல் போடுகிற இடத்திலெல்லாம் சிக்னல் வருகிறது என்று நீதானே சொன்னாய். டீசல் போட்டதும் ஊர்ப் பெயரை மட்டும் அனுப்பு. நான் காலண்டர் தாளில் டிக் அடித்துக்கொள்வேன்.

அந்த மூன்று நாளில், உன் வழி விவரம் தெரியுமா என்று கேட்பதற்காக மாப்பிள்ளை நம்பரை எடுத்தேன். அம்மா கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை. போன கிறிஸ்துமஸிலிருந்து அவர் நம்மோடு பேசவில்லை, நீயும் அவர் பெயரை எடுப்பதில்லை. என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. நீ சொல்கிறபோது சொல், சொல்லாமலும் இரு. எது எப்படியானாலும் மாடி அறை உன்னுடையது, அதைச் சின்னவனிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் அடுத்த தடவை உன்னிடமிருந்து செய்தி வராவிட்டால் நான் யாருக்குப் போன் செய்யவேண்டும்? மாப்பிள்ளைக்குச் செய்யலாமா, கூடாதா? அதை மட்டும் எழுது. கூடாது என்றால் அங்கே வேறு ஒரு ஆளின் நம்பரை அனுப்பு.

இப்படிக்கு
அப்பா