அந்த 407-க்கு இப்போதே சாவி போடாதே

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் வாங்கியிருக்கும் பழைய டாடா 407 லாரியின் படங்களை அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினாள். வருகிற ஞாயிறு வேறு வண்டி பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். ஏன் வேண்டாம், அதற்கு முன் என்னென்ன வேலை என்பதையெல்லாம் போனில் சொன்னால் பாதி நினைவில் நிற்காது. ஆகவே எழுதுகிறேன், வண்டி நிற்கும் ஷெட்டில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டித் தேர்வு சரி. 1980-களில் ஜப்பான் கம்பெனிகளின் கூட்டில் டிசிஎம் டொயோட்டா, ஆல்வின் நிசான், சுவராஜ் மஸ்தா, ஈச்சர் மிட்சுபிஷி என்று சின்ன லாரிகள் வரிசையாக வந்தன. அவற்றுக்குப் போட்டியாக டெல்கோ 1986-ல் இறக்கியதுதான் 407. நீ ஒரு டிசிஎம் டொயோட்டாவை வாங்கியிருந்தால் ஒரு வீல் சிலிண்டருக்கே ஊர் ஊராக அலைய வேண்டும். 407 சாமான் நாமக்கல்லில் எந்த ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும். ஆர்.சி.யில் கம்பெனி பெயர் டெல்கோ என்று இருந்தால் குழம்பாதே. டாடா மோட்டார்ஸ் என்று அவர்கள் பெயர் மாற்றியதே 2003-ல்தான்.

ஸ்பேனரைத் தொடும் முன் காகிதத்தைப் பார். சேஸ் நம்பர் அடித்திருக்கும் இடத்தில் கம்பி பிரஷ் போடாதே, எண் தேய்ந்துவிடும். தின்னர் நனைத்த துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடு. அதை ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பார். பொருந்தவில்லை என்றால் அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதே. பைனான்ஸில் இருந்த வண்டியானால் எச்.பி. (ஆர்.சி.யில் உள்ள கடன் குறிப்பு) ரத்தாகியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கடன் என்றைக்கோ அடைந்திருக்கும், படிவம் 35-ஐ யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். கர்நாடகப் பதிவு என்றால் படிவம் 28-ல் அங்கிருந்து என்.ஓ.சி. (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) வாங்காமல் ஓசூர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வேலை நகராது. பழமையான வாகனம் என்று தனிப் பதிவு வாங்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டாராம். 2021-ல் வந்த அந்த விதி 50 ஆண்டு தாண்டிய இருசக்கர வண்டிக்கும் காருக்கும்தான், சரக்கு வண்டிக்கு இல்லை. ஆகவே இது வருடா வருடம் எப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகவேண்டிய வண்டி. அதை மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு வேலையையும் செய்யவேண்டும்.

இப்போது வரிசை. முதலில் பிரேக், அடுத்து சேஸும் சக்கர அச்சும், பிறகு எஞ்சின், பிறகு கேபின், சரக்கு ஏற்றும் தொட்டி, பெயின்ட். வீட்டில் வைத்து வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் எஞ்சினை முதலில் ஓடவிட்டுவிடுகிறார்கள். ஓடிவிட்டால் தெருமுனை வரை போய் வரக் கை துறுதுறுக்கும், நிறுத்தத்தான் ஒன்றும் இருக்காது.

வண்டியைத் தூக்கும்போது கவனம். வெறும் வண்டியே இரண்டு டன்னுக்கு மேல் கனம். ஜாக்கி தூக்க மட்டும்தான், தாங்க அல்ல. தூக்கியதும் சேஸுக்கடியில் இரும்பு ஸ்டாண்டு கொடுத்துவிடு. ஹாலோ பிளாக்கை அண்டக்கொடுக்கவே கூடாது. அது சிறுகச் சிறுக விரிசல் காட்டி உடைவதில்லை, ஒரே நொடியில் பொடியாகும்.

பிரேக் டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. நனைத்த துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போட்டுவிடு. வீல் சிலிண்டரின் ரப்பர் தொப்பியை விலக்கினால் பிரேக் ஆயில் கசிந்திருப்பது தெரியும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். வண்டி வருடக்கணக்கில் நின்றால் அந்த ஈரம் சிலிண்டரின் அடிப்பகுதியில் தங்கித் துருக்குழி விழும். விரல் நகத்தால் உள்ளே தடவிப் பார், நகம் மாட்டினால் ரப்பர் கிட் மாற்றிப் பயனில்லை, சிலிண்டரையே மாற்றிவிடு. மாஸ்டர் சிலிண்டருக்கும் இதே கணக்குதான். ரப்பர் பாகங்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவக் கூடாது, ஊதிப்போகும், பிறகு பிரேக் பிடித்தால் விடாது. புது பிரேக் ஆயிலிலேயே கழுவு. இரும்புக் குழாய்கள் துருப்பிடித்திருந்தால் பிரேக்குக்கென்று வரும் ஸ்டீல் குழாயைத்தான் போடவேண்டும், முனையை இரட்டை மடிப்பாக விரித்து. ஏ.சி.க்காரர் போடும் செம்புக் குழாய் மலிவு என்று யாராவது சொன்னால் கேட்காதே. ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும், எல்லாவற்றையும் மாற்று.

ஏர் எடுப்பது, அதாவது பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து. அதாவது பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. நீ பெடலை மிதித்துப் பிடி, மாப்பிள்ளை நிப்பிளை அரைச் சுற்று திறந்து மூடட்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்கவேண்டும். இந்த வண்டியில் பிரேக்குக்கு வாக்குவம் துணை உண்டு, ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் சின்ன பம்பிலிருந்து வரும். எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு அதைச் சோதிக்கலாம். எஞ்சினை நிறுத்தி, பெடலை நாலைந்து முறை மிதித்து வாக்குவத்தைக் காலி செய், மிதித்தபடியே ஸ்டார்ட் பண்ணு. பெடல் காலடியில் சற்று இறங்கவேண்டும். இறங்காவிட்டால் ஹோஸ், ஒருவழி வால்வு, பம்பு என்று இந்த வரிசையில் பார்.

சேஸில் துரு எப்போதும் இரண்டு தகடு ஒட்டும் இடத்தில்தான் ஒளிந்திருக்கும்: கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்) சேரும் இடம், ஸ்பிரிங் தாங்கும் பிராக்கெட்டின் பின்புறம். சுத்தியலால் தட்டிக்கொண்டே போ. நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், துருப்பிடித்த இடம் மொத்தென்று கேட்கும். கோணல் இருக்கிறதா என்று பார்க்க மிஷின் வேண்டியதில்லை. தரையைச் சமமாக்கி, முன்னும் பின்னும் உள்ள ஸ்பிரிங் பின்களிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் நான்கு புள்ளி வை. மூலைக்கு மூலை இரண்டு அளவும் எடு. வித்தியாசம் 5 மி.மீ.க்குள் இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் என்றால் சேஸ் நிமிர்த்துபவரிடம்தான் போகவேண்டும். வெல்டிங் வைப்பதாக இருந்தால் பேட்டரி, ஆல்டர்னேட்டர் ஒயர்களைக் கழற்று, எர்த் கிளிப்பை வெல்டிங்குக்கு அருகிலேயே மாட்டு. சேஸின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடாதே. பாரம் தாங்குவது அந்த விளிம்புகள்தான், விரிசலும் அங்கேதான் தொடங்கும்.

முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியும். அது பேரிங்கா, சக்கரம் திரும்பத் தாங்கும் கிங் பின்னா என்று அறிய ஒருவர் பிரேக்கை மிதிக்க இன்னொருவர் ஆட்டவேண்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். டயரில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கத்தைப் படி. முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் 2000-க்கு முந்தைய டயர், பேச்சே இல்லை. ரிம்மில் வளையம் போட்டு டயரைப் பிடிக்கும் வகையானால் வீட்டில் காற்றடிக்காதே. வளையம் சரியாக உட்காராமல் பறந்தால் எதிரில் இருப்பவர் பிழைக்க மாட்டார். கூண்டு வைத்திருக்கும் டயர் கடைக்கு எடுத்துப் போங்கள்.

இனி எஞ்சின். இந்த எஞ்சினின் 497 என்ற பெயரிலேயே அளவு இருக்கிறது: 4 சிலிண்டர், 97 மி.மீ. போர் (சிலிண்டரின் உள் விட்டம்). ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 100 மி.மீ., மொத்தம் 2956 சி.சி. நின்றுபோன டீசல் எஞ்சினில் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருக்கும். அப்படியே செல்ப் அடித்தால் ரிங் உடையும், சுவரில் கீறல் விழும். டீசல் தெளிக்கும் நான்கு நாசிலையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் 30 மி.லி. எஞ்சின் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறவிடு. பிறகு முன்னால் கிராங்க் புல்லி போல்ட்டில் நீளப் பிடி மாட்டி, முன்னிருந்து பார்க்க வலப்புறமாக மெல்லத் திருப்பு. இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால் உள்ளே நலம். தடை வந்தால் பைப் மாட்டி நெம்பாதே, இன்னும் ஆயில் விட்டுக் காத்திரு. பழைய ஆயிலை இறக்கும்போது முதலில் தண்ணீர் வந்தாலோ, பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தாலோ ஹெட்டைக் கழற்றாமல் மேலே போகாதே.

டேங்கை இறக்கிக் கழுவு. பழைய டீசலில் கறுப்புக் களி படிந்திருக்கும், அது பம்புக்குள் போனால் செலவு மூன்று மடங்கு. நாசில் நான்கையும் டீசல் பம்பு பார்க்கும் கடையில் கொடுத்து ஸ்பிரே பார்க்கச் சொல். திரும்ப மாட்டும்போது அடியில் புது செம்பு வாஷர் போடு.

இப்போது எழுதுவதை இரண்டு முறை படி. டீசல் பம்பின் பக்கவாட்டு மூடியைத் திறந்தால் உள்ளே ராக் தெரியும். சிலிண்டர்களுக்கு எவ்வளவு டீசல் என்று தீர்மானிப்பது அதுதான். நின்ற வண்டியில் டீசல் பிசினாகி ராக் இறுகிக் கிடக்கும். அது முழு டீசல் நிலையில் இறுகியிருந்தால், ஸ்டார்ட் ஆன நொடியில் எஞ்சின் ரேஸ் ஏறிக்கொண்டே போகும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது, கடைசியில் பிஸ்டன் ராடு எஞ்சின் பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். நீ செல்ப் அடிக்க வேண்டாம் என்று நான் சொன்னதற்கு முதல் காரணம் இதுதான். ராக் விரல் நுனியால் தள்ளினால் இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு போகவேண்டும். ஸ்டாப் லீவரை இழுத்துவிட்டால் தானாகத் திரும்பவேண்டும். இல்லையென்றால் பம்பைக் கழற்றிக் கடையில் கொடு. எல்லாம் சரியாக இருந்தாலும் முதல் ஸ்டார்ட்டில் ஏர் பில்டர் குழாயைக் கழற்றிவிட்டு, ரப்பர் ஷீட் ஒட்டிய பிளைவுட் துண்டுடன் மாப்பிள்ளை அங்கே நிற்கட்டும். ரேஸ் ஏறினால் காற்று வழியை அதைக்கொண்டு அடைக்கவேண்டும், உள்ளங்கையால் அல்ல.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் நாசில் இல்லாமலேயே, ஸ்டாப் லீவரை இழுத்துக் கட்டி, விட்டு விட்டு செல்ப் அடித்து ஆயில் பிரஷர் ஏறுகிறதா பார். ஏறிய பிறகு நாசில் மாட்டி, கையால் அழுத்தும் பிரைமர் பம்பால் டீசல் பில்டரிலும் பம்பிலும் ஏர் எடு. நுரை நின்று சுத்த டீசல் வரவேண்டும். கடைசியாக நாசிலுக்கு வரும் குழாய் நட்டுகளைத் தளர்த்தி, செல்ப் சுற்றும்போது டீசல் எட்டிப்பார்த்ததும் இறுக்கு. அப்போது முகத்தையும் கையையும் விலக்கி வை, அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலுக்குள் புகுந்துவிடும்.

கேபினில் துரு கண்ணாடி ரப்பருக்கு அடியிலும் கதவின் அடியிலும் கால் வைக்கும் பலகையிலும்தான். அரித்த தகட்டை வெட்டி எடுத்து 20 கேஜ் தகடு வைத்து, இடம் மாற்றி மாற்றிப் புள்ளி வெல்டிங் வை. ஒரே இழுப்பாக ஓட்டினால் அப்பளமாக நெளியும். பட்டி 2 மி.மீ.க்கு மேல் ஏறக்கூடாது. ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து மழையில் விட்டால் அது ஈரத்தைக் குடித்து அடியில் துருவை வளர்க்கும். எபாக்ஸி பிரைமரே மேல். மேலே சிந்தெடிக் எனாமல் போதும். பி.யூ. பெயின்ட் பளபளக்கும், ஆனால் அதன் ஹார்டனர் நுரையீரலைக் கெடுக்கும், சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. தொட்டியை மரத்தில் செய்வதா தகட்டிலா என்பதைப் பாடி கட்டுபவரோடு பேசி முடிவு செய். சேஸுக்கும் தொட்டிக்கும் நடுவில் கட்டையோ ரப்பரோ இருக்கவேண்டும், யூ போல்ட்டில் பிடிக்கவேண்டும், அவ்வளவுதான்.

எப்.சி.க்கு முன் புகை பார்க்கும்போது, இதைப் போன்ற பழைய வண்டிக்குப் புகை மீட்டரில் வரம்பு 65. நாசிலும் பம்பும் சரியாக இருந்தால் தாண்டாது. தாண்டினால் முதலில் ஏர் பில்டரைப் பார்.

சேஸ் நம்பர் அச்சும், பம்பின் மேல் ரிவெட் அடித்த சின்னத் தகட்டிலுள்ள எண்ணும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து அம்மா போனுக்கு அனுப்பு. அந்த எண்ணைச் சொன்னால்தான் கடையில் பம்புக்குச் சரியான எலிமென்ட் (உள்ளே டீசலை அழுத்தும் பாகம்) தருவார்கள். வீல் சிலிண்டர், ஹோஸ், கிங் பின் செட் எல்லாம் இங்கேயே வாங்கி பார்சல் சர்வீஸில் போட்டுவிடுகிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா