‘வைஃபை 7’ என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் புது வைஃபை கருவிகள் வாங்கும் கல்லூரிகள், மருத்துவமனைகள், ஜவுளிக் கடைகள் ஆகியோருக்கு ஒரு வேண்டுகோள். விலைப்புள்ளி கேட்கும் கடிதத்தில் ‘வைஃபை 7’ என்று ஒற்றை வரி எழுதினால் போதாது. அந்தத் தலைமுறையின் உயிரே மல்டி லிங்க் ஆபரேஷன் எனப்படும் எம்.எல்.ஓ. தான். அதில் பல வகை உண்டு. எந்த வகை என்று கேட்காமல் வாங்கினால், பழைய வேகத்துக்குப் புது விலை கொடுத்ததாக ஆகிவிடும்.

முன்பெல்லாம் ஒரு ஃபோன் 2.4 கிகாஹெர்ட்ஸில் இருக்கும், அல்லது 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும். மாற வேண்டுமானால் இதை விட்டுவிட்டு அதில் புதிதாக ஒட்ட வேண்டும். எம்.எல்.ஓ.வில் ஒரே இணைப்புக்குள் அலைவரிசைக்கு ஒரு வழியாக இரண்டு மூன்று லிங்க் இருக்கும். லிங்குக்கு ஒரு முகவரி, எல்லாவற்றுக்கும் பொதுவாக மேலே ஒரு மேக் முகவரி, அதாவது கருவியின் அடையாள எண். பாக்கெட் எனப்படும் தரவுத் துண்டு எந்த லிங்கில் வந்தாலும் வரிசை எண்ணைப் பார்த்து அடுக்கி மேலே அனுப்பிவிடும்.

கோளாறு பிறப்பதும் இந்த அடுக்கும் இடத்தில்தான். சிம்மக்கல்லிலிருந்து கோரிப்பாளையத்துக்கு எண் போட்ட மூட்டைகளில் பாதியை ஏ.வி. பாலத்திலும் மீதியை யானைக்கல் தரைப்பாலத்திலும் அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். எண் வரிசைப்படிதான் இறக்க வேண்டும் என்றால், ஒரு பாலத்தில் வண்டி நின்றாலும் மறு பாலத்தில் வந்த மூட்டைகள் காத்துக் கிடக்கும். மாசி வீதிகள் போன்ற நெருக்கமான கடைத்தெருவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அப்படித்தான் நிற்கும். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அங்கே 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அதனால் அதையும் சேர்த்து மூன்று லிங்க் போட்டால் சில நேரம் தாமதம் கூடத்தான் செய்யும். அங்கெல்லாம் 5, 6 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் மட்டும் எம்.எல்.ஓ.வில் வைப்பது நல்லது.

வகைகளுக்கு வருவோம். எஸ்.டி.ஆர். என்பது ஒரு லிங்கில் அனுப்பிக்கொண்டே இன்னொன்றில் வாங்குவது. சொல்வது எளிது, செய்வது கடினம். ஃபோன் 15 டிபிஎம்மில் (சிக்னல் பலத்தின் அலகு) அனுப்புகிறது, அதற்கு வந்து சேரும் சிக்னல் மைனஸ் 60 டிபிஎம் என்று கொண்டால், வித்தியாசம் 75 டெசிபல். மூன்று கோடி மடங்குக்கும் மேல். ஆன்டெனாக்கள் சில சென்டிமீட்டர் தள்ளி இருக்கையில், தன் சத்தமே தன் காதை அடைத்துவிடும். இதைத் தாங்க முடியாத கருவி என்.எஸ்.டி.ஆர்.; அது இரண்டு லிங்கிலும் அனுப்புவதை ஒரே நேரத்தில், வாங்குவதை ஒரே நேரத்தில் என்று ஒத்து நடத்தியாக வேண்டும். மூன்றாவது வகை ஈ.எம்.எல்.எஸ்.ஆர்.; இதில் கருவி இரண்டு லிங்கையும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். வைஃபை சிக்னலைப் பரப்பும் அக்சஸ் பாயின்ட் முதலில் ஒரு சிறு அழைப்பை அனுப்பும். அழைப்பு வந்த லிங்குக்கு எல்லா ஆன்டெனாவையும் திருப்பிக்கொண்டு தரவை வாங்கும். அந்த நேரம் மறு லிங்க் அதன் காதில் விழாது. இது குறையான முறை அல்ல. நெரிசலில் காலியான வழியை உடனே பிடிப்பதால் தாமதம் குறையும், வீடியோ கால் அறுபடாது. ஆனால் இரண்டு வேகமும் கூடி வராது.

பெட்டியில் அச்சிடும் எண்ணை இந்தக் கணக்கோடு பாருங்கள். ‘பிஇ3600’ என்பது 2.4 கிகாஹெர்ட்ஸின் 688 மெகாபிட்டையும் 5 கிகாஹெர்ட்ஸின் 2882 மெகாபிட்டையும் கூட்டி முழுமையாக்கியது. ஈ.எம்.எல்.எஸ்.ஆர். ஃபோனுக்கு ஒரு நேரத்தில் கிடைப்பது இரண்டில் ஒன்றுதான். இந்த வகை ரூட்டரில் 6 கிகாஹெர்ட்ஸே கிடையாது என்பதையும் கவனியுங்கள்.

6 கிகாஹெர்ட்ஸில் மத்திய அரசின் 2025 மே மாதத்து வரைவு விதிகள் உரிமமின்றிப் பயன்படுத்தக் குறித்தது 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை. அதற்குள் 320 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் ஒன்றுதான் அடங்கும். 160 என்றால் மூன்று, 80 என்றால் ஆறு. மாடிக்கு நாலு அக்சஸ் பாயின்ட் மாட்டும் கட்டடத்தில் 320 வைத்தால் எல்லாம் ஒன்றையொன்று முட்டும், 80 போதும். 5 கிகாஹெர்ட்ஸில் 149-ஆம் சேனலை 80 அகலத்தில் வைத்தால் அது 5815-இல் முடிகிறது. 6-இன் முதல் சேனல் 5945-இல் தொடங்கிவிடும், இடைவெளி 130 மட்டுமே. 36-ஆம் சேனல் 5250-இல் முடிவதால் இடைவெளி 695. காது அடைபடாமல் இருக்க 36-ஐயே வையுங்கள். 6 கிகா தெரியவில்லை என்பதற்காக கருவியின் நாட்டுக் குறியீட்டை அமெரிக்கா என்று மாற்றுவது சட்டத்துக்குப் புறம்பு. கருவிக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதே வழி.

எம்.எல்.ஓ. கிடைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் பாதுகாப்பு அமைப்பு. எல்லா லிங்கிலும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறை இருக்க வேண்டும். அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2 மட்டும் வைத்தால் கருவி சத்தமில்லாமல் வைஃபை 6 போல ஒட்டிவிடும், திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. பழைய சிசிடிவி கேமராவுக்கும் பில் பிரிண்டருக்கும் டபிள்யூபிஏ3 தெரியாது. அவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் தனிப் பெயரில் ஒரு நெட்வொர்க் ஒதுக்கிவிடுங்கள். மடிக்கணினியில் விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பு முதல்தான் வைஃபை 7 ஆதரவு உண்டு.

இன்னொன்று மின்சாரம். மூன்று ரேடியோ அக்சஸ் பாயின்ட்டைப் பழைய 15.4 வாட் பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் தரும்) சுவிட்சில் செருகினால், விளக்கு எரியும், சிக்னலும் வரும். ஆனால் பல மாடல்கள் மின்சாரம் போதாமல் ஒரு ரேடியோவையோ சில ஆன்டெனாக்களையோ தாமாகவே அணைத்துவிடும். பல லட்சம் செலவழித்த பிறகு சுவிட்சில் மிச்சம் பிடிப்பது வீண். தரவுத் தாளில் முழுத் திறனுக்கு எத்தனை வாட் என்று பார்த்து 30 வாட்டோ அதற்கு மேலோ தரும் சுவிட்ச் வாங்குங்கள். போர்ட் 2.5 கிகாபிட்டாக இருக்கட்டும்.

மாட்டி முடித்ததும் பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை. அக்சஸ் பாயின்ட்டின் நிர்வாகப் பக்கத்தில் உங்கள் கருவிக்கு நேரே இரண்டு லிங்க் காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு பதில் வரும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளையை ரூட்டருக்கு ஓடவிட்டுக்கொண்டே கனத்த சுவரைத் தாண்டி நடங்கள். பழைய வீடுகளின் சுண்ணாம்புக் காரைச் சுவரில் 6 கிகாதான் முதலில் மங்கும். அப்போது பதில் நேரம் கூடலாம். இணைப்பு அறுந்து மறுபடி ஒட்டக் கூடாது.

அரசு நிறுவனங்களின் ஒப்பந்தப்புள்ளிகளிலும் ரேடியோ எண்ணிக்கை, எம்.எல்.ஓ. வகை, வாட், போர்ட் வேகம், இந்தச் சோதனை ஆகிய ஐந்தையும் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நெட்வொர்க் பணியாளர்கள் சிலர்,
மதுரை