புதுக் காரில் மறு பெயிண்ட் அடித்தால் எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓணமும் ஆயுத பூஜையும் நெருங்கினால் உங்கள் நாளிதழின் கோவைப் பதிப்பில் புதுக் கார் விளம்பரங்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் இருக்கும் நாங்கள் வேலந்தாவளம் தாண்டிக் கோவைக்குப் போய் வண்டி எடுப்பது புதிதல்ல. நான் கொழிஞ்சாம்பாறையில் கார் பெயிண்டர். டிங்கரிங் ஷெட்டில் எடுபிடியாகச் சேர்ந்து, பள்ளத்தை நிரப்பும் பட்டியைப் பூசித் தேய்த்து, அப்புறம் ஸ்பிரே கன் பிடிக்கக் கற்றவன். அந்த அனுபவத்தில் ஷோரூம்காரர்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன்: விற்கும் முன் புது வண்டியில் எங்காவது மறு பெயிண்ட் அடித்திருந்தால், அதை வாங்குபவரிடம் எழுத்தில் கொடுங்கள்.

போன ஓணத்துக்கு என் தங்கை சாம்பல் நிற மெட்டாலிக் கார் ஒன்றை எட்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து வாங்கினாள். சாயங்காலம் விளக்கு வெளிச்சத்தில் மாலை போட்டு, கேக் வெட்டிச் சாவி கொடுத்தார்கள். மறுநாள் காலை வெயிலில் பார்த்தபோது பின்பக்க வலது கதவு மட்டும் வேறு ஷேடாகத் தெரிந்தது. ரப்பர் பீடிங்கை விலக்கிப் பார்த்தேன். மாஸ்கிங் டேப் ஒட்டிய இடத்தில் பெயிண்ட் கோடு கட்டி நின்றது. கண்ணாடி ஓரத்தில் ஓவர்ஸ்பிரே, அதாவது அடிக்கும்போது இடம் தப்பிப் படிந்த பெயிண்ட் துகள், சொரசொரவென்று கையில் பட்டது. பெயிண்டின் கனத்தை அளக்கும் மைக்ரான் மீட்டரை எடுத்து வைத்தேன். கூரையில் 108, பானெட்டில் 115, மற்றக் கதவுகளிலும் ஏறத்தாழ அதே அளவு. அந்த ஒரு கதவில் 270. கைப்பிடிக்குக் கீழே 400-ஐத் தாண்டியது. அங்கே உள்ளே பட்டி இருக்கிறது என்று அர்த்தம்.

மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஃபேக்டரி பெயிண்ட் எல்லாப் பூச்சும் சேர்த்துப் பெரும்பாலும் 90 முதல் 150 மைக்ரானுக்குள் அடங்கிவிடும். பாடி வெறும் இரும்புக்கூடாக இருக்கும்போதே அதைத் தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்தி முதல் பூச்சை ஏற்றுகிறார்கள். ஈ.டி. கோட் என்போம். கதவின் உட்புறம், மடிப்பு, மூலை என்று கன் போகாத இடத்துக்கும் அது போகும். அதை 160, 180 டிகிரியில் சுடுவார்கள். அதன்மேல் பிரைமர், நிறத்துக்கு பேஸ் கோட், கடைசியாக கிளியர் கோட். கிளியரையும் 140 டிகிரி அளவில் சுட்டு எடுப்பார்கள்.

எங்களால் அப்படிச் செய்ய முடியாது. சீட்டும் வயரிங்கும் பிளாஸ்டிக்கும் ஏறிய வண்டியை அந்தச் சூட்டில் வைக்க வழியில்லை. அதனால் பெயிண்டை இறுக வைக்கும் ஹார்டனர் கலந்து அடித்து 60 டிகிரியில் காய வைக்கிறோம். தூசி புகாத நல்ல பெயிண்ட் அறையும் நல்ல கையும் இருந்தால் அதுவும் வருடக்கணக்கில் நிற்கும். என் தொழிலை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் இரும்பு தெரியும்வரை தேய்த்துவிட்டால், போன ஈ.டி. கோட்டை எந்தப் பெயிண்டராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலிருந்து டிரெய்லரில் ஏறி, சேலம், அவிநாசி வழியாக வந்து, யார்டில் வெயிலிலும் தூசியிலும் நின்று, ஷோரூமுக்கு வருகிற வண்டியில் ஒரு கீறல் விழுவது பெரிய அதிசயமில்லை. அதைச் சரி செய்வதும் தப்பில்லை. சரி செய்ததை மறைத்து முழு விலை வாங்குவதுதான் தப்பு. ஏனென்றால் பழைய கார் வாங்குகிறவர்கள் இப்போது கையில் மீட்டரோடு வருகிறார்கள். 270 என்று காட்டியதும் 'ஆக்சிடென்ட் வண்டி' என்று சொல்லி விலையை இறக்குவார்கள். யார்டில் யாரோ இடித்ததற்கு என் தங்கை பதில் சொல்ல வேண்டும், பணத்தையும் அவளே இழக்க வேண்டும்.

ஷோரூமில் கேட்டபோது முதலில், "கம்பெனியிலிருந்து வர்றதே அப்படித்தாங்க மேடம்" என்றார்கள். மீட்டரைக் காட்டியதும், "அண்ணா, யார்டுல லேசா உரசியிருக்கும், இலவசமா செராமிக் கோட்டிங் போட்டுத் தர்றோம்" என்றார்கள். அதை எழுதிக் கொடுங்கள் என்றோம். மறுத்துவிட்டார்கள். வாயால் ஒப்புக்கொள்கிற ஒன்றை ஒரு தாளில் எழுத ஏன் தயங்க வேண்டும்?

சட்டம் படிக்கும் என் மகள் ஒரு வழக்கைச் சொன்னாள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1990-ல் ஐரா கோர் என்ற மருத்துவர் 40 ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்துப் புது பி.எம்.டபிள்யூ கார் வாங்கினார். ஒன்பது மாதம் கழித்து, வண்டிக்கு மெருகேற்றக் கொடுத்த இடத்தில்தான் அது மறு பெயிண்ட் அடித்த வண்டி என்று தெரிந்தது. பழுது நீக்கும் செலவு விற்பனை விலையில் 3 சதவீதத்துக்குள் இருந்தால் டீலரிடம்கூடச் சொல்லாமல் புது வண்டியாகவே விற்பது அந்தக் கம்பெனியின் வழக்கமாக இருந்திருக்கிறது. அவருக்கு நஷ்டம் 4,000 டாலர் என்றும், அதற்கு மேல் தண்டத் தொகை 40 லட்சம் டாலர் என்றும் ஜூரி சொன்னது. மாநில உச்ச நீதிமன்றம் தண்டத்தை 20 லட்சமாகக் குறைத்தது. அதுவும் மிக அதிகம் என்று 1996-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பி, கடைசியில் 50 ஆயிரம் டாலரில் நின்றது. எனக்கு அந்தப் பெரிய தொகைகளைவிட 4,000 டாலர்தான் முக்கியமாகப் பட்டது. சொல்லாமல் மறைத்த மறு பெயிண்டால் கார் மதிப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போகிறது என்பதை ஒரு நீதிமன்றம் கணக்கில் எடுத்திருக்கிறது.

எல்லாவற்றையும் குறை என்று சண்டை போடவும் கூடாது. ஆரஞ்சுத் தோல் மாதிரி லேசான நெளிவு பெரும்பாலான ஃபேக்டரி பெயிண்டில் இருக்கும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் தனியாக, குறைந்த சூட்டில் பெயிண்ட் ஆகி வருகிறது. பாடியோடு அதன் ஷேடு சற்றே மாறலாம். மீட்டர் பிளாஸ்டிக்கில் வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள். வெள்ளை வண்டியில் பொடிப்பொடியாகத் துருப்புள்ளி தெரிந்தால் அநேகமாக அது வெளியிலிருந்து விழுந்த இரும்புத் தூள். அதற்கென்று இருக்கும் கரைசலில் போய்விடும்.

கிளியருக்குள் மாட்டிய தூசிக்கு மட்டும் அவசரப்பட்டு பஃபிங்குக்குச் சம்மதிக்காதீர்கள். கிளியர் கோட்டே சுமார் 40, 50 மைக்ரான்தான். 2000 நம்பர் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, காம்பவுண்டு ஏற்றினால் தூசி போகும், கூடவே கிளியரும் மெலியும். பாலக்காட்டுக் கணவாய் வெயிலில் நிற்கிற வண்டிக்கு அந்தக் கிளியர்தான் காப்பு. புது வண்டியில் அதைக் கரைத்துக் காட்டுகிற பளபளப்பு எதற்கு? அவசரக்காரர் மெஷின் பிடித்தால் சுழல் சுழலாகக் கோடு வேறு விழும். அது நேர் வெயிலில்தான் தெரியும்.

அதனால் பகலில் டெலிவரி எடுங்கள். வாட்டர் வாஷ் செய்த ஈரம் காயட்டும். பேனலுக்கு நேரே நிற்காமல், பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பாருங்கள். அதே நிறத்தில் இன்னொரு வண்டி நின்றால் பக்கத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். கதவுக் கீல் போல்ட்டின் தலையில் பெயிண்ட் உடைந்திருந்தால் ஸ்பேனர் போட்டிருக்கிறார்கள். குறை தெரிந்தால் போட்டோ எடுத்து, டெலிவரித் தாளிலேயே எழுதி, சீல் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். உங்கள் பெயரில் பதிவாகிவிட்டால் அப்புறம் வண்டியை மாற்றித் தரச் சொல்வது மிகக் கடினம். ஷோரூம்காரர்கள் மனது வைத்தால் கூரை, பானெட், கதவுகள், டிக்கி என்று மைக்ரான் அளவை எழுதி டெலிவரித் தாளோடு கொடுக்கலாம். கால் மணி நேர வேலை. எல்லாக் கம்பெனியும் இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

எல்லையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. கோவையில் வாங்கியதால் கோவைக்குப் போய்த்தான் வழக்குப் போட வேண்டும் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி, நாம் குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம்தான். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, அதற்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது.

தங்கை பாலக்காட்டிலேயே மனு கொடுத்திருக்கிறாள். பொருளைப் பரிசோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்பதால், அந்தக் கதவை ஆய்வுக்கு உட்படுத்தக் கேட்டிருக்கிறோம். அதுவரை கதவில் யாரும் பாலிஷ்கூடப் போடக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கார் பெயிண்டர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.